இறங்கி வந்த வகுப்பறை

அது செவ்வாயா புதனா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. மழை பெய்தது என்பவர்களும் உண்டு, வெயில் மண்டையைப் பிளந்தது என்பவர்களும் உண்டு; நினைவை நம்பி எழுதுவதில் இந்தச் சங்கடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பள்ளியின் மாடியிலிருந்த ஒன்பதாம் வகுப்பறை, பிள்ளைகளும் பெஞ்சுகளும் மின்விசிறியுமாகக் கீழே இறங்கி வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

வரலாற்று டீச்சர் பேருந்து விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்கு வந்தார். முதலில் இரண்டு பியூன்கள் அவரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப் போனார்கள். ஒருநாள் படி திரும்பும் இடத்தில் மூச்சு வாங்க இறக்கி வைத்தவர்கள், டீ குடிக்கப் போய் அவரை மறந்தே போனார்கள். மதிய மணி அடிக்கும்வரை, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். “நான் என்ன பீரோவா? இனிமே யாரும் தூக்க வேணாம்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் முதல் படிக்கட்டின் அடியில் நாற்காலியை நிறுத்தி மேலே பார்த்துப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் கதவைத் திறந்து வைத்துக் கேட்டார்கள். அந்த வகுப்பறைக்கு நேர் கீழே தலைமையாசிரியரின் அறை. இரண்டையும் மாற்றிக்கொள்ளலாமே என்று டீச்சர் கேட்டபோது அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“ஆபீஸ் மாடிக்குப் போனா வர்றவங்க எல்லாம் படியேறணுமேம்மா, சிரமம் இல்லையா? திங்கக்கிழமைலேர்ந்து கணக்கு சார் வரலாறையும் பாத்துக்குவார். நீங்க ஸ்டோர் ரூம்ல நிம்மதியா இருங்க.”

கணக்கு சார் வருஷங்களை மனப்பாடம் செய்யச் சொல்வாரே தவிர, அடுத்து வரவிருந்த பாடத்தைத் தொடவே மாட்டார். அதனால் டீச்சர் அதை அந்த வாரமே எடுத்தார். போர்க்காலத்தில், எதிரி நாட்டு மொழியை வீட்டில் பேசினார்கள் என்பதற்காக ஊரில் பாதிப் பேரைப் பிடித்து இதே பள்ளியில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். நடக்க முடியாதவர்களைப் பிரித்து மாடியறையில் போட்டார்கள். அங்கே காவலுக்கு ஒரு ஆள்கூட நிற்கவில்லை. ஏன் என்று கேட்டார் டீச்சர். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை அவர் வாய் திறக்க மாட்டார். கீழே டீச்சர், தான் மறக்கப்பட்ட அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், வாயாடி என்று பெயரெடுத்த பின்பெஞ்சுக்காரி பதில் சொன்னாள்.

“காவல் எதுக்கு டீச்சர்? அதான் படிக்கட்டு இருக்கே.”

“சரி. அப்புறம் சட்டம் வந்துச்சு, எல்லாருக்கும் எல்லா இடத்துக்கும் போற உரிமை இருக்குன்னு. படிக்கட்டு என்ன ஆச்சு?”

“அப்படியேதான் இருக்கு. பெயிண்ட் மட்டும் புதுசு.”

டீச்சர் நாற்காலியின் சக்கரத்தில் கை வைத்தார். அப்போதுதான் அறை இறங்கியது, சாக்பீஸ்கூட உருளாத நிதானத்தோடு. தலைமையாசிரியரின் அறை நாகரிகமாகப் பக்கவாட்டில் ஒதுங்கி வழிவிட்டது. பிறகு, உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தவரோடு மேலே போய்க் காலியிடத்தில் உட்கார்ந்துகொண்டது. டீச்சர் நாற்காலியை உருட்டி, வாசலைக் கடந்து, கரும்பலகைக்கு முன்னால் நின்றார்.

“யாரக் கேட்டு இறக்குனீங்க?” என்று மேல் சன்னலிலிருந்து சத்தம் வந்தது.

“நான் பாடம்தான் சார் நடத்துனேன். எதுவா இருந்தாலும் இறங்கி வந்து பேசுங்க.”

மறுநாள் கொத்தனார் வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்து, முன்பைவிட இப்போதுதான் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கணக்கு சார் கணக்கையே நடத்தினார். பியூன்கள் டீயைத் தலைமையாசிரியருக்காக மாடிக்குச் சுமந்தார்கள். வாயாடி வக்கீலாகி, படிக்கட்டுள்ள நீதிமன்றங்கள்மேல் வழக்குப் போட்டாள்; பெரும்பாலும் ஜெயித்தாள். சில வருஷங்களில் தலைமையாசிரியருக்கு முழங்கால் போனது. உடனே படியை இடித்துச் சாய்தளம் கட்ட உத்தரவு வந்தது. அதில் முதலில் மேலே போனவர் டீச்சர். திருப்பத்தில் அவர் நிற்கவில்லை. வகுப்பறை இன்றும் கீழேதான் இருக்கிறது.