மெழுகுக் கோட்டு

சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நனைந்ததெல்லாம் போதும் என்று இராஜாங்கம் நாகப்பட்டினத்துப் பழைய துணிக்கடையில் நுழைந்தான். மெழுகு ஏற்றிய கித்தான் கோட்டு ஒன்று கிடைத்தது. அங்கேயே போட்டுக்கொண்டு, கதிர் அறுப்பதுபோலக் குனிந்து பார்த்தான். முதுகு இழுக்கவில்லை, கையும் தாராளமாக நீண்டது. கடைக்காரன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்!

தோள்பட்டையில் மெழுகு தேய்ந்திருந்தது. அவன் மனைவி அம்சம் வேளாங்கண்ணி மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கி, வெயிலில் வைத்துத் தேய்த்துச் சரிசெய்தாள். "சோப்புப் போடக்கூடாது, மடிக்கவும் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

ஐப்பசி மழையில், குறுவை அறுப்புக் கூலி பேச, விவசாயக் கூலிகள் சங்கத்தின் சார்பில் அவன்தான் மிராசுதார் சந்தானகிருஷ்ணன் வீட்டுக்குப் போனான். கூடத்து ஊஞ்சலில் இருந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வழக்கம் மறந்துபோச்சாடா? கழட்டி மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் பேசு."

சேரி ஆட்கள் யாரும் தாண்டியிராத வாசற்படியிலேயே இராஜாங்கம் நின்றான். குரல் உயரவில்லை.

"இதை மடிக்கக் கூடாதுங்க, மெழுகு வெடிச்சிடும். கழட்டுனா ஆணியிலதான் மாட்டணும். அதோ, உங்க அங்கவஸ்திரத்துக்குப் பக்கத்து ஆணி காலியா இருக்கு. உள்ள வந்து மாட்டிக்கட்டுங்களா?"

ஊஞ்சல் நின்றது. மிராசுதார் அந்த ஆணியைப் பார்த்தார், தன் அங்கவஸ்திரத்தைப் பார்த்தார்.

"வேண்டாம். போட்டுக்கிட்டே பேசு."

இராஜாங்கம் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, கூலியிலிருந்து ஆரம்பித்தான்.