திறக்காத டப்பா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம், தைவானின் தைனான் நகரில் என் வீட்டுக்கு எதிரே உள்ள பாத்திரக் கடை. மூடி போட்ட கிண்ணம் ஒன்று தேடிப் போனேன். பக்கத்து வரிசையில் அப்பாவும் மகளும் போட்ட சண்டையின் பக்கம் காது போய்விட்டது. அவர்கள் கத்தியது பாதி, என் கற்பனை பாதி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தாயில்லாத அந்த வீட்டில், விடியுமுன்னே அடுப்பு...’

வேண்டாம். அம்மாவைச் சாகடித்தால் கண்ணீர் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அவள் சௌக்கியமாக இருக்கிறாள். போன மாதம் வடக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போனாள். ஞாயிறுதோறும் வருகிறாள்.

2

குவோ-லியாங் நகரப் பேருந்து ஓட்டுநர். மனைவி போனதும், ஐந்தாம் வகுப்பு மகள் மின்-ஷூவுக்கு மதியச் சாப்பாடு கட்டும் வேலை அவன் தலையில் விழுந்தது. பள்ளியில் எல்லார் டப்பாவையும் நீராவிப் பெட்டியில் அடுக்கிச் சூடாக்குவார்கள். அவன் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா ஆவியில் கோணிக்கொண்டது. கண்ணாடி டப்பாவின் கனம் அவள் தோளை இறக்கியது. மூன்றாவது, எஃகு. (எஃகு என்றால் போர்வாள் ஞாபகம் வருகிறது. எவர்சில்வர் என்றே இருக்கட்டும்.) நாலு பக்கமும் கொக்கி, உள்ளே ரப்பர் வளையம். கவிழ்த்தாலும் சொட்டுச் சிந்தாது.

“சாப்பாடு எப்படி இருந்துச்சு?”

“சூப்பர்ப்பா.”

அதை வாங்கிய மூன்றாம் நாள் அவன் சீக்கிரம் வீடு திரும்பினான். மின்-ஷூ சமையலறைத் தரையில் உட்கார்ந்து, டப்பாவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

“என்னடி பண்றே?”

“மூடி வரலப்பா.”

“மத்தியானம் எப்படித் திறந்தே?”

“...திறக்கல.”

“மூணு நாளாவா?”

“பசங்க ஆளுக்கு ஒரு வாய் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து இத நெம்பித் திறந்து சாப்பிட்டுட்டு, நீ வர்றதுக்குள்ள கழுவி வச்சிடுவேன்.”

“டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“உனக்கு ஃபோன் பண்ணிடுவாங்க. நீ அஞ்சு மணிக்கு எந்திரிச்சு சமைக்கிறே. உன்னப் போய் குறை சொல்லச் சொல்றியா?”

[இங்கே அவன் அழுததாக எழுதி, அடித்துவிட்டேன்.] அவனும் தரையில் உட்கார்ந்து மூடியை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. கத்தி முனையால் ரப்பரைக் கிளப்பியதும் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய்த் திறந்தது. சோயா சாஸில் கொதித்த முட்டை, பன்றியிறைச்சி, முட்டைக்கோஸ். இருவரும் ஆறிப்போன சோற்றை ஒரே டப்பாவிலிருந்து தின்றார்கள்.

3

அதன் பிறகுதான் கடை. மின்-ஷூ டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடி மூடித் திறந்தாள்.

“ஏம்மா, டப்பா வாங்க வந்தியா, கடைய உடைக்க வந்தியா?” என்றாள் கடைக்காரி.

“இவ கையால திறக்கணும்க்கா. சிந்தினாலும் சிந்தட்டும்.”

“ஆவில வைக்கிறதுக்கு இந்த மாதிரிதான் வாங்கணும். ஆவி ஆறினா மூடி உள்ள இழுத்துப் பிடிச்சுக்கும். மூடியில குமிழ் இருக்குல்ல, இதத் தூக்கினா காத்து உள்ள போய் விட்டுடும்.”

குவோ-லியாங் இரண்டடுக்கு டப்பாவை எடுத்தான்.

“அவ்ளோ சோத்த யாருப்பா திங்கிறது?”

“மூணு நாள் பட்டினி கிடந்தவ நீ!”

“பட்டினியெல்லாம் இல்ல. சாயங்காலம் சாப்பிட்டேன்!”

(சண்டை என்றேனே, அது இதுதான்.)

கடைசியில் சின்னதையே எடுத்தார்கள். அப்போது மின்-ஷூ மெதுவாகக் கேட்டாள்:

“இன்னொண்ணு சொல்லவா? முட்டைக்கோஸ்ல உப்பு.”

“எவ்ளோ?”

“கடலாட்டம். சோறும் அடியில களி.”

“இதையும் மூணு நாளா உள்ள வச்சிருந்தியா?”

“ஒரு மாசமா.”

குவோ-லியாங் சிரித்த சிரிப்பில் கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். நான் கிண்ணத்தை மறந்தேன்.

4

முடிவுகள் சில யோசித்தேன். அம்மா வேலையை விட்டுத் திரும்புகிறாள்: கூடாது, அவளுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. புது மூடியும் மாட்டிக்கொள்கிறது: அது குரூரம். குவோ-லியாங் ஒரே நாளில் சமையல் புலியாக... நம்பமாட்டீர்கள்.

ஆகவே மறுநாளோடு நிறுத்துகிறேன். மதியம் மின்-ஷூ குமிழைத் தூக்குகிறாள், மூடி திறக்கிறது. மாலையில் அவன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், எப்படி இருந்தது என்று கேட்கிறான்.

அவள் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: அதில் ஒரு குறையாவது இருக்கட்டும். அவன் அதற்காகத்தான் நின்றுகொண்டிருக்கிறான்.