முப்பத்திரண்டு வரைக்கும்

வீடியோவில் தெரியும் கைகள் பெரியவளுடையவை. கேட்கும் குரல் சின்னவளுடையது. அக்காவும் தங்கையுமாக நடத்துகிற அந்தத் தையல் பாடச் சேனலின் ரகசியம் அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் சின்னவளை 'டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள். டீச்சர் ஊசியில் நூல் கோக்க ஏழு தடவை முக்கி முனகுவாள் என்பது, பாவம், அவர்களுக்குத் தெரியாது. முகத்தைக் காட்டிப் பேசும்போது அவள் கேமராவுக்கு முன்னால், பெரியவள் பின்னால். துணியை வெட்டுகிற இடம் வந்ததும் பெரியவள் அதே நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து உட்கார வேண்டும். முழங்கைக்கு மேல் தெரிந்துவிடக் கூடாது.

இதை நம்பித்தான் பதினாலு வருடம் நடத்திய தையல் கடையைப் பெரியவள் இழுத்து மூடினாள். இருந்த இரண்டு மெஷினில் ஒன்றை விற்றுக் கேமரா வாங்கினாள். சேனல் போனால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

ஆறு மாதமாக வருகிற புகார் ஒன்றே ஒன்று: 'டீச்சர், கிணத்துக்குள்ள உக்காந்து பேசறீங்களா?' அதற்கும் பழி கேமராக்காரியான பெரியவள் தலையில்தான் விழுந்தது. சத்தம் சரியாகிவிட்டால் தன்னைக் குறை சொல்ல ஒன்றும் இருக்காது என்று பெரியவள் நினைத்தாள். அவள்தான் நச்சரித்துத் தங்கையை மைக் கடைக்கு இழுத்து வந்தாள்.

மாடியில் இருந்த கடை. கடைக்காரர் இரண்டு வயர்லெஸ் மைக்குகளை எடுத்து வைத்தார். பெரியவள் பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் படித்தும் பார்க்கவில்லை. முதல் மைக்கின் கிளிப்பை விரலால் திறந்து பார்த்தாள்.

"இந்தப் பல்லு துணியக் கடிக்கும். ரெண்டு தடவ மாட்டினா இழை வெளிய வந்துடும்."

அடுத்ததில் கிளிப்புக்குப் பதில் காந்தம். சட்டைக்கு உள்ளே ஒரு துண்டு, வெளியே மைக். சின்னவளின் மொடமொடப்பான காலரில் மாட்டியதும் பெரியவள் காதில் இருந்த ஹெட்ஃபோனில் சரசரவென்று சத்தம். பெரியவள் அதை எடுத்து, பட்டன் பட்டியில் துணி இரண்டாக மடிந்திருக்கும் இடத்தில் வைத்தாள். சரசரப்பு நின்றுவிட்டது. எட்டு வருடமாக மைக் விற்கிற கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

"எவ்ளோ தூரம் எடுக்குதுன்னு பாத்துடலாம். எண்ணிக்கிட்டே கீழ எறங்கிப் போடி," என்றாள் பெரியவள்.

முதலில் பல்லு மைக்கோடு அனுப்பினாள். இருபத்தொன்றில், படிக்கட்டு திரும்புகிற இடத்தில், குரல் அறுந்தது. திரும்பி வந்தவளுக்குக் காந்த மைக்கை மாட்டி மறுபடி அனுப்பினாள். இருபத்தொன்று தாண்டியது. முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அங்கே சின்னவளின் போன் அடித்தது. படிக்கட்டுத் திருப்பம் தாண்டினால் கேட்காது என்று முதல் மைக்கிலேயே தெரிந்துவிட்டதால் அவள் தைரியமாகப் பேசினாள்.

"சொல்லுங்க சார். உங்க தையல் மெஷின் கம்பெனி எங்க சேனல எடுத்துக்கறது எனக்குச் சம்மதந்தான்... அக்காவா? அவ ஒத்துக்கணும்னு என்ன இருக்கு? அவளுக்குக் கை மட்டுந்தான் சார். வாயத் தொறந்தா நாலு வார்த்த சேந்து வராது. தைக்கறதுக்கு உங்க பக்கமே ஒரு ஆளப் போட்டுடுங்க. அவள நான் பாத்துக்கறேன்."

பெரியவளுக்கு ஆத்திரம் வந்தது, இறங்கிப் போய் அறைய வேண்டும் போலிருந்தது. அடுத்த நிமிடமே அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. கேட்டதாகக் காட்டிக்கொண்டால் இன்றோடு முடிந்தது. கேட்காத மாதிரி இருந்துவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அதற்குள் தங்கை மனசு மாறலாம். மானம் கெட்ட யோசனைதான், ஆனாலும் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் மூச்சு வாங்க மேலே வந்தாள். "எது வரைக்கும் கேட்டுச்சு?"

"முப்பத்திரண்டு வரைக்கும்."

"அப்புறம்?"

"கட்டாயிடுச்சு."

சின்னவளின் தோள் தளர்ந்ததைப் பெரியவள் பார்த்தாள். ஆனால் கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கட்டாக வாய்ப்பே இல்ல மேடம். அப்படியே ஆனாலும் இதுக்குள்ளயே தனியாப் பதிவாயிடும். இதோட விசேஷமே அதுதான்."

பெரியவள் வேண்டாம் என்பதற்குள் மைக்கைக் கழற்றிக் கடையின் ஸ்பீக்கரில் இணைத்து, கடைசிப் பகுதியை ஓடவிட்டார். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. போன் மணி. பிறகு அந்தக் குரல், கணீரென்று, ஓர் எழுத்து பிசகாமல். 'கை மட்டுந்தான் சார்' என்ற இடத்தில்தான் கடைக்காரருக்கு விஷயம் உறைத்தது. அவசரமாக நிறுத்தியவர், அதன்பின் யார் முகத்தையும் பார்க்காமல் வயரைச் சுருட்டினார்.

தங்கை அழுவாள், இல்லாவிட்டால் மழுப்பவாவது செய்வாள் என்று பெரியவள் காத்திருந்தாள். மன்னிக்கக்கூடத் தயாராக இருந்தாள்.

சின்னவள் பெருமூச்சு விட்டாள். "கேட்டுட்டியா? நல்லதாப் போச்சுக்கா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசமா முழிச்சிட்டிருந்தேன்."

பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இதையே குடுங்க. சத்தம் நல்லா சுத்தமா வருது."