உள்ளங்கை அளவு உப்பு

கலைமதி, அப்பா சாப்பிட்டு முடித்த பிறகு இதை அவருக்குப் படித்துக் காட்டு. மான்கள் பிழைத்தனவா என்று மூன்று நாளாக வாய்ஸ் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். நான் பதில் போடவில்லை.

ரஷ்யாவின் இந்தத் துந்திராவில் ஒரு மரம்கூடக் கிடையாது. கண் போகிற தூரம் வரை பனி, பனிக்கு அடியில் வெளிர்ப் பாசி. பனிமான்கள் குளம்பால் தோண்டி அந்தப் பாசியைத் தின்றுதான் குளிர்காலத்தைத் தாண்டும். ஜனவரியில் இங்கே மழை பெய்யாது. இந்த ஜனவரியில் ஒரு பகல் முழுக்கப் பெய்தது. மறுநாளே குளிர் மைனஸ் முப்பதுக்கு இறங்கியதும், நனைந்த பனி மூன்று விரல் கனத்துக்குக் கண்ணாடியாக இறுகிவிட்டது. நம் உப்பளப் பாத்தியில் மழை விழுந்தால் விளைந்த உப்பு போய்விடும். இங்கே தீனிக்குப் பூட்டு விழுந்துவிட்டது.

நாங்கள் எரிவாயுக் கிணறு தோண்டுகிற கேம்ப்புக்குப் பக்கத்தில் மர்யானா நாற்பது மான்களோடு கூடாரம் போட்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். உப்பளப் படத்தை ஒருநாள் காட்டினேன். பாத்தி ஓரம் நின்ற உள்ளான் குருவியைப் பார்த்து, அது ஜூனில் இங்கேதான் முட்டையிடும் என்றாள். அப்படித்தான் பழக்கம். அவள் பேசுவதைப் போன் தமிழாக்கித் தரும்.

மழைக்குப் பிறகு ஒரே வாரத்தில் ஆறு மான்கள் செத்தன. மற்றவை குளம்பில் ரத்தம் வரத் தோண்டின.

“மிச்சத்துல பாதி சினை. இதுங்களும் போச்சுன்னா டவுனுக்குப் போய் எவன் வீட்லயாவது பாத்திரம் தேய்க்கணும்” என்றாள்.

அன்றைக்குத்தான் அப்பாவிடம் போனில் யோசனை கேட்டேன்.

“டேய் சிலம்பு, ஐஸ்தானடா? நாலு மூட்டை உப்ப வாரி எறி. மீன் பொட்டில உப்பு பட்டதும் ஐஸ் எப்டி உருகி ஓடுது, பாத்ததில்லையா நீ?”

கிணறு தோண்டும்போது உள்ளே விடுகிற சேற்றுக் குழம்பில் கலக்க, கேம்ப்பில் உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். என்னோடு வேலை செய்கிற இடையஞ்சாவடி பரத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

“ஏம்பா, மரக்காணத்துக்காரன் பொண்ணு முன்னாடி சீன் போட உப்புதான் கெடச்சுதா?”

“மான் சாவுதுடா.”

“சரி சரி, அந்த முனைய புடி.”

மர்யானா மான்களைக் கூடாரத்தருகே விட்டுவிட்டு, மேய்ச்சல் தேடி ஆற்றுப் பக்கம் போயிருந்தாள். நான்கு மூட்டையையும் பிரித்து, கூடாரத்துக்குப் பக்கத்து ஐஸ் மேல், பாத்தியில் பரப்புவது போல ஒரே சீராக இறைத்தோம். கரையவில்லை. இவ்வளவு குளிரில் உப்பு வேலை செய்யாது என்பது அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“இருக்கட்டும், வெயில் ஏறினா உப்பு உள்ள எறங்கிடும்” என்றேன்.

உப்பை வெயிலிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த்தானே நமக்குப் பழக்கம். இங்கே நடுப்பகலில் ஒரு மணி நேரம் வானம் நீலமாகத் தெரியும், அவ்வளவுதான். சூரியனைக் கண்ணால் பார்த்தே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

மறுநாள் காலையில் மான்கள் மொத்தமும் அங்கே நின்று நக்கிக்கொண்டிருந்தன. பசிக்கு எதுவும் இல்லாத வயிற்றில் வெறும் உப்பு. தாகத்துக்குக் கடிக்கப் பனியும் இல்லை, எல்லாம் கண்ணாடி. வாயை அந்த ஐஸில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தன. கேம்ப் சமையலறையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கினோம். குடித்தவையும் கால் பின்னி விழுந்தன. விழுந்தவை எழவில்லை.

மர்யானா வந்தபோது ஏழுதான் நின்றன. மிச்சமிருந்த உப்புக் கல்லில் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

“உப்புன்னா உசுர விடும் இதுங்க. அதான் நாங்க உள்ளங்கையில வெச்சு, நக்குனதும் கைய மூடிக்குவோம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றாள்.

பிறகு கத்தியை நீட்டினாள். தோலுரிக்க ஆள் வேண்டும். வயிற்றைக் கிழித்தபோது குட்டிகளும் இருந்தன. அவற்றை நான் தனியாக வைத்தேன். வெள்ளை நரிகள் வந்து கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து காத்திருந்தன.

நேற்று டவுனுக்குப் போகிற லாரியில் அவள் ஏறினாள். ஏழு மான்களையும் தன் சித்தப்பாவிடம் விட்டுவிட்டாள்.

உப்பு வேலை செஞ்சுதாடா என்று அப்பா கேட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன் என்று சொல். ஐஸ் அப்படியே இருந்தது. அதன்மேல் ஒரு கல் உப்புகூட மிச்சமில்லை.