சக்கரமில்லாத கல்யாணக் கார்

படித்த முட்டாளுக்கு எதிர்வீட்டில் குடியிருப்பதைவிட, ராணுவத்தில் இன்னும் இருபது வருடம் லாரிக்கடியில் கிடக்கலாம். வஜ்தியைத்தான் சொல்கிறேன். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு, வெள்ளரிக்காய்க்கு எப்போது தண்ணீர் விடுவது என்று முப்பது வருடம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து காகிதம் எழுதினான். அதற்குப் பெயர் எஞ்சினியர். எங்கள் அம்மான் நகரத்தில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வரும், எஞ்சினியருக்கு மட்டும் வராது. மார்க்கா மேட்டுத் தெருவே அவனை "எஞ்சினியர்" என்று கூப்பிடும். நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ராணுவப் பணிமனையில் இருபத்திரண்டு வருடம் வண்டிக்கடியில் கிடந்தவன் நான். என்னை வெறும் சார்ஜண்ட் என்கிறார்கள்.

அந்த வெள்ளரிக்காய் எனக்குச் சம்பந்தியாக வருகிறான். வெள்ளிக்கிழமை அவன் மகன் கைஸுக்கும் என் ஒரே மகள் அரீஜுக்கும் கல்யாணம். மூன்று மாதம் முன்னால் அறுபது ஆண்களைத் திரட்டிக்கொண்டு பெண் கேட்க வந்தான். அவர்களில் மூத்தவர் என் வீட்டுக் கசப்புக் காப்பியை வாங்கி, வாயில் வைக்காமல் கீழே வைத்தார். கேட்டதைக் கொடுக்கும்வரை குடிக்க மாட்டார்கள். "காப்பியைக் குடிங்க, வந்த காரியம் ஆச்சு" என்று வீட்டுக்காரன் சொல்ல வேண்டும். கதவுக்குப் பின்னால் என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. அதற்காகச் சொன்னேன்.

கைஸ் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பையன். அப்பன் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்ததற்குப் பெண்கள் எல்லாம் என் மனைவியைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அவனைப் பார்க்கும்போதெல்லாம் முதுகெலும்பு எங்கே என்று தேடத் தோன்றும்.

கல்யாண ஊர்வலத்துக்கு வஜ்தியின் வெள்ளை மெர்சிடிஸ்தான் முதலில் போக வேண்டுமாம். அதன் அலாய் வீல்கள் நான்கும் நடைபாதைக் கல்லில் உரசி உரசி நாய் கடித்த மாதிரி இருந்தன. அவன் ஓட்டுகிற லட்சணம் அப்படி. நெளிவெடுத்துப் பெயின்ட் அடித்துத் தருகிற கடைக்காரன், நான்கையும் ஒன்றாகக் கொண்டுவந்தால்தான் ஒரே நிறமாக வரும், வியாழக்கிழமை தருகிறேன் என்றான். வஜ்தி நான்கையும் ஒரேயடியாகக் கழற்றி அனுப்பிவிட்டான்.

அதுவரை தப்பில்லை. சக்கரம் போன வண்டியை எதன்மேல் நிறுத்தினான் என்பதுதான் விஷயம். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு டீயோடு மாடி பால்கனிக்கு வந்தேன். எதிரே, தெருவோடு சேர்ந்து சரிந்து இறங்கும் அவன் முற்றத்தில், மூலைக்கு ஒன்றாக நான்கு ஹாலோ பிளாக் கற்களின்மேல் மெர்சிடிஸ் நின்றுகொண்டிருந்தது. கற்களையும் படுக்கப் போட்டிருந்தான், ஓட்டை பக்கவாட்டில் தெரிய. ஓட்டை வானம் பார்த்து நின்றாலே நான் அதை நம்ப மாட்டேன். படுக்கப் போட்டால் அது முட்டைக்கூடுதான். உடைகிறபோது சொல்லிவிட்டு உடையாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"அபூ கைஸ்!" என்று மேலிருந்து கூப்பிட்டேன். கைஸின் அப்பா என்று அர்த்தம், எஞ்சினியர் என்று சொல்லாமல் தப்பிக்க எனக்கு அதுதான் வழி. "கல்லு எதுக்கு? தோட்டத்துல நல்ல முத்தின வெள்ளரிக்காயா நாலு பறிச்சு வெச்சிருக்கலாமே!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பைஜாமா, மேலே கோட்டு. "சார்ஜண்ட், இந்தக் கல்லுலதான் அஞ்சு மாடிக் கட்டடம் நிக்குது. ஒன்றரை டன் கார் நிக்காதா? இதெல்லாம் கணக்கு. உங்களுக்குப் புரியாது, விடுங்க."

"கட்டடம் தூண்ல நிக்குதுங்க. கல்லு சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு நிக்கும். உங்க ஆபீஸ்ல நீங்க நின்ன மாதிரி."

கீழ்வீட்டு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அவன் முகம் கறுத்தது. எனக்கு டீ இன்னும் இனித்தது.

"என்கிட்ட நாலு இரும்பு ஸ்டாண்டு இருக்கு," என்றேன். "கேட்டா குடுப்பேன். 'எனக்குத் தெரியல சார்ஜண்ட்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க."

"உங்க துரு பிடிச்ச இரும்ப நீங்களே வெச்சுக்குங்க."

அப்படியே பேச்சு நீண்டது. இரண்டாவது டீ வந்தது. மூன்றாவதும் வந்தது. கேலி என்னிடம் வற்றவே இல்லை.

ஒன்பதரைக்கு கைஸ் ஒரு பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வந்தான். வஜ்தி தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்: "வீல்தான் இல்லையே. அடிப்பக்கம் துருவ சுரண்டிக் கறுப்பு அடிச்சிடுடா. கல்யாண வண்டி, எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும். கல்லு தாங்காதுன்னு சில பேர் சொல்றாங்க. தாங்குதா இல்லையான்னு அவங்களும் பாக்கட்டும்."

கல்யாணக் காரின் அடிவயிற்றை எந்த விருந்தாளி குனிந்து பார்ப்பான்? அதைக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் பையன் ஒரு அட்டையைப் போட்டு மல்லாந்து படுத்து, இடுப்புவரை உள்ளே போய்விட்டான்.

எனக்குச் சிரிப்பு அறுந்து போயிற்று.

"டேய் கைஸ்! வெளிய வாடா!"

பையனின் கால் அசைந்தது. வஜ்தி அந்தக் காலைப் பார்த்து, "இருடா, முடிச்சுட்டு வா. மேல நின்னு கத்துறவங்களுக்கெல்லாம் நாம பதில் சொல்ல வேண்டியதில்ல" என்றான். கால் அசையாமல் நின்றது.

செருப்பைத் தேடாமலே கீழே ஓடினேன். தெருவைத் தாண்டி அவன் கேட்டருகில் போய் நின்றேன். கிட்டத்தில் பார்த்தால் இன்னும் மோசம். பின்பக்க இடது கல்லின் மேல்முனை உதிர்ந்து, பொடி தரையில் மாவு மாதிரி கிடந்தது. காலைப் பிடித்து இழுத்துவிடலாம். ஆனால் திடுக்கிட்டு அவன் முழங்காலால் கல்லை உதைத்தால் எல்லாம் முடிந்தது. அவனாக, மெதுவாக, நேராக வெளியே வர வேண்டும். அவன் அப்பன் சொன்னால்தான் வருவான்.

"அபூ கைஸ், அவன வெளிய வரச் சொல்லுங்க. அப்புறமா எத்தனை மணி நேரம் வேணும்னாலும் சண்டை போடலாம்."

"பயந்துட்டீங்களா சார்ஜண்ட்?" தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். நான்கு ஜன்னல்கள் திறந்திருந்தன. இரண்டரை மணி நேரமாக நான் அவற்றுக்குத்தான் நாடகம் நடத்தியிருந்தேன். இப்போது அவன் நடத்தினான். "காலையிலேர்ந்து என்ன பேச்சுப் பேசினீங்க!"

அந்த நேரத்தில் கீழ்த்தெருவிலிருந்து கேஸ் வண்டியின் பாட்டு கேட்டது. சிலிண்டர் விற்கிற லாரி பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வரும். புதன்கிழமை தவறாமல் எங்கள் மேட்டில் முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும். ஏறும்போது எங்கள் வீட்டு அலமாரியில் தட்டுகள் ஆடும். வெள்ளிக்கிழமைக்கு அரீஜுக்குத் தைத்த வெள்ளைக் கல்யாண உடை என் வீட்டுக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அது என் கண்முன்னால் வந்தது.

கல்யாண வாரம் என்பதால் முற்றத்து மேடையில் காப்பிக் கெண்டி சூடாக இருந்தது. வஜ்தியின் மனைவி உம் கைஸ் வாசலில் நின்றாள். நான் உள்ளே போய், வெறுங்காலோடு, மேடையில் உட்கார்ந்து ஸலாம் சொன்னேன். வீடு தேடி வந்தவனுக்குக் காப்பி ஊற்றாமல் இருக்க முடியாது. அவள் ஊற்றித் தந்தாள். வாங்கினேன். குடிக்கவில்லை. அந்தச் சின்னக் கோப்பையைத் தரையில், என் காலுக்கு முன்னால் வைத்தேன்.

உம் கைஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். திறந்திருந்த ஜன்னல்களில் பேச்சு நின்றது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெண்ணின் தகப்பன், மாப்பிள்ளை வீட்டுத் தரையில் கோப்பையை வைக்கிறான். எங்கள் தெரு அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"எனக்கு உங்ககிட்ட ஒரு வேண்டுதல் இருக்கு," என்றேன்.

வஜ்தி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "யார்கிட்ட?"

கேஸ் பாட்டு திருப்பத்துக்கு வந்துவிட்டது.

"எஞ்சினியர்கிட்ட."

"சரியா கேக்கல."

"எஞ்சினியர் ஐயா!" தெருவே கேட்கும்படி சொன்னேன். "உங்க பையன் வண்டிக்கடியிலேர்ந்து எழுந்து வரணும். வண்டி என் ஸ்டாண்டுமேல நிக்கணும். நீங்க ஒத்துக்கிறவரைக்கும் இந்தக் காப்பியத் தொட மாட்டேன்."

இந்த நாட்டில் எவ்வளவு மட்டமான மனிதனும் தரையில் வைத்த கோப்பையைக் குளிர விடமாட்டான். ஆனால் எவ்வளவு நேரம் இழுக்கலாமோ அவ்வளவும் இழுப்பான். இவன் தொண்டையைச் செருமினான். அண்டை வீட்டாரின் உரிமை என்றான், பெரியோர் வாக்கு என்றான், இரண்டு வாக்கியம் பேசினான். நான் அந்த இரண்டு கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கையைத் தூக்கினான்.

"காப்பியைக் குடிங்க சார்ஜண்ட். கேட்டது ஆச்சு. கைஸ், வாடா வெளிய."

பையன் மெதுவாக வழுக்கி வெளியே வந்தான். முகமெல்லாம் கறுப்புப் பெயின்ட். நான் கோப்பையை எடுத்துக் குடித்தேன். அவ்வளவு கசப்பாக எங்குமே குடித்ததில்லை.

லாரி ஏறியது. முற்றம் அதிர்ந்தது, உம் கைஸின் கெண்டி மூடி கிணுகிணுத்தது, பாட்டு எங்களைத் தாண்டி மேலே போனது. மெர்சிடிஸ் அசையவே இல்லை.

"பாத்தீங்களா?" வஜ்தி இரண்டு கைகளையும் விரித்தான். "ஒரு நூல் அசைஞ்சுதா? கணக்குங்க, கணக்கு!" ஜன்னல்கள் எல்லாம் சிரித்தன. அவன் வெற்றியோடு, பல் துலக்க உள்ளே போனான். அதுவரை பல்கூடத் துலக்காமல்தான் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறான்.

நானும் கைஸும் ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்தோம். சரிவிலிருந்து நான்கு பேர் பிடித்து நகர்த்த வண்டிக்குச் சக்கரமில்லை. அதனால் பணிமனையில் செய்ததைச் செய்தேன். மேட்டுப் பக்கம் மெல்லிய பலகை, பள்ளத்துப் பக்கம் தடித்த பலகை, தளம் மட்டமாகும்வரை. ஒவ்வொரு முனையாக ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டை அடிச்சட்டத்தின் கெட்டியான இடத்தில் கொடுத்து, மெதுவாக இறக்கினேன். ஒன்றுக்கு நான்கு தடவை சரிபார்த்தேன். ஸ்டெப்னியை வண்டிக்கடியில் படுக்கப் போட்டேன், எது தவறினாலும் ஒரு ஆள் கனத்துக்கு இடம் இருக்கட்டும் என்று. கடைசியில் தோளால் வண்டியை ஓங்கி இடித்தேன்.

"இது எதுக்கு மாமா?"

"விழறதா இருந்தா இப்பவே விழட்டும். அடியில ஆள் இல்லாதப்போ."

அப்புறம் கற்களைப் பொறுக்கினோம். பின்பக்க இடது கல்லை நான் தூக்கினேன். ஒரு பாதிதான் கையோடு வந்தது. மறுபாதி தரையிலேயே இருந்தது. நடுவில் மேலிருந்து கீழ்வரை கத்தி வைத்த மாதிரி பிளந்திருந்தது.

வஜ்தியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். தெருவையே கூப்பிட்டிருப்பேன். கைஸ் சட்டென்று கீழே கிடந்த பாதியைக் காலால் மல்லிகைத் தொட்டிக்குப் பின்னால் தள்ளினான்.

"வேண்டாம் மாமா. அப்பா பாக்க வேண்டாம்."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமாடா?"

"கீறல் தெரிஞ்சுது. உள்ள போறதுக்கு முன்னாடியே பாத்தேன்."

எனக்குத் தலைக்கு ஏறியது. "தெரிஞ்சுமா படுத்த? உன் அப்பன் வீம்புக்கு என் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே விதவையாகணுமா? முதுகெலும்பு இல்லாதவனே!"

அவன் கோபப்படவில்லை. முகத்துப் பெயின்டைச் சட்டைக் கையில் துடைத்தான். அது இன்னும் பரவியது.

"எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது மாமா. அப்பாவுக்கும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியும். நீங்க ஏழு மணியிலேர்ந்து பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க. நிஜமாவே ஆபத்துன்னா, அரீஜோட அப்பா டீயக் கீழ வெச்சுட்டு எறங்கி வந்திருப்பாருன்னு நெனச்சேன்."

கையில் இருந்த பாதிக் கல்லைத் தொட்டிக்குப் பின்னால் மற்றதோடு சேர்த்து வைத்தேன்.