அம்மாள் வரவில்லை

நிவேதிகாவுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தால் அவளே சல்லி அம்மன் கோயிலுக்குப் பாற்குடம் எடுப்பாள் என்று நேர்ந்துவைத்தவர் அவளுடைய தாய் புஸ்பராணிதான். நியமனம் கிடைத்தது. ஆனால் கோயில் பொங்கலும் அவளுக்கு மாதவிலக்கு வரும் நாளும் ஒன்றாக விழுந்தன.

"குளிசை ஒண்டு இருக்கு. போட்டால் தள்ளிப்போகும். எல்லாப் பிள்ளையளும் போடுறதுதானே," என்றார் புஸ்பராணி. மருந்துக்கடையில் வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு எதுவும் கேட்கவில்லை.

குளிசை எடுக்கத் தொடங்கி ஒரு கிழமைக்குள் அவளுடைய இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. கொஞ்சம் வீக்கம், தொட்டால் சூடு. நாள் முழுக்க நின்று படிப்பிப்பதால்தான் என்று இருவருமே நினைத்தார்கள். புஸ்பராணி நல்லெண்ணெய் சூடாக்கி உருவிவிட்டார்.

பொங்கலன்று காலை பாற்குட ஊர்வலம் கடற்கரை வீதியில் கிளம்பியது. கொஞ்சத் தூரம் போவதற்குள் நிவேதிகாவுக்கு மேல்மூச்சு வாங்கியது. நெஞ்சில் ஒரு குத்து. உடம்பு நடுங்க, தலை இரண்டு பக்கமும் ஆட, கண்கள் மேலே செருகின.

"பிள்ளைக்கு அம்மாள் வந்திட்டா!" என்று ஒருத்தி கூவினாள்.

குரவை எழுந்தது. பறை வேகம் பிடித்தது. யாரோ மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றினார்கள். கண்ணீர் பெருக, புஸ்பராணி மகளுக்கு முன்னால் மண்ணில் விழுந்து கும்பிட்டார். எழும்பும்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"அம்மா... மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு..."

குடம் சரிந்து பால் வீதியில் ஓடியது.

"நிப்பாட்டுங்கோ! பறையை நிப்பாட்டுங்கோ!"

"அம்மாள் நிக்கிற நேரத்தில அப்பிடிக் கத்தாதை, புஸ்பம்."

"இது அம்மாளில்லை! என்ர பிள்ளை! என்ர பிள்ளை சாகுது!"

டவுனிலிருந்து ஆட்களை ஏற்றிவந்து ஓரமாக நின்றிருந்த ஆட்டோக்காரர் ஜவாஹிர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அவளைத் தூக்கினார். "ஏறுங்க அக்கா. கதை குடுத்துக்கொண்டே வாங்க, கண்ண மூட விடாதீங்க." ஆஸ்பத்திரி வாசல் வரை அவர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஒட்சிசன் மாட்டினார்கள். பெண் வைத்தியர் ஒருவர் நிவேதிகாவின் இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இந்தக் கால் எப்ப வீங்கினது? பிள்ளை ஏதும் மருந்து எடுக்கிறவவா?"

"இல்லை டொக்டர், ஒரு வருத்தமும் இல்லாத பிள்ளை." சொல்லி முடித்தபின்தான் புஸ்பராணிக்கு நினைவு வந்தது. "கோயிலுக்கெண்டு... நாள் தள்ளிப்போடக் குளிசை..."

ஸ்கான் எடுத்த பிறகு வைத்தியர் அவரைக் கதிரையில் இருத்திச் சொன்னார். "காலுக்குள்ள இருக்கிற நாளத்தில இரத்தம் கட்டியாகி, அது கழண்டு நுரையீரலுக்குப் போய் அடைச்சிருக்கு. உங்கட குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடி நடந்ததா?"

புஸ்பராணியின் தங்கை, பிள்ளை பெற்ற மறுகிழமை முற்றத்தில் நின்றபடியே மூச்சுத் திணறி விழுந்து செத்தவள். நெஞ்சடைப்பு என்றார்கள். இத்தனை காலமும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். புஸ்பராணி அதை வைத்தியரிடம் சொன்னார்.

"அப்ப அது பரம்பரையாயும் இருக்கலாம். சோதிக்கவேணும். எல்லாருக்கும் அந்தக் குளிசை இப்பிடிச் செய்யாது அம்மா. ஆனால் இவ இனித் தொடவே கூடாது."

புஸ்பராணிக்கு அழுகை வரவில்லை. அந்தக் காலை எண்ணெய் போட்டு உருவிவிட்ட தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரத்தத்தை இளக்கும் ஊசி ஏற, இரண்டு நாளில் நிவேதிகாவின் உதட்டில் நிறம் திரும்பியது. மாதக்கணக்கில் மருந்து எடுக்கவேண்டும் என்றாலும் ஆபத்து நீங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அன்று பின்னேரம் அவள் தலையணையில் சாய்ந்திருந்து தாயைப் பார்த்தாள்.

"அம்மா, நான் மூச்சுக்கு அந்தரப்படேக்க நீங்கள் என்னைக் கும்பிட்டனீங்களா? கனவோ எண்டு நினைச்சனான்."

புஸ்பராணி சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே நின்றார்.

"ஓம்," என்றார். "கும்பிட்டனான்."

நிவேதிகா தாயின் கையிலிருந்த சோற்றைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். தாய் முதல் கவளத்தை ஊட்டினார்.