கைப்பிடி அடியில் ஒரு பொட்டு

அம்மா கேட்காமல் விட்டிருந்தால் நான் அதைக் கவனித்திருக்க மாட்டேன். வியாழக்கிழமை மாலை கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியை வாங்கக் கையை நீட்டினேன்.

"கோயிலுக்கே போனனி?" என்றார் அம்மா. "கை சந்தனம் மணக்குது."

"இல்லையம்மா. அழகர் அண்ணையின்ர பட்டறைக்குத்தான் போனனான்."

"பட்டறையில என்னடி சந்தனம்?"

விரல்களை முகர்ந்து பார்த்தேன். மெஷின் எண்ணெய் வாசனைக்கு அடியில் சந்தனம் இருந்தது. அன்று பட்டறையில் நான் கையில் எடுத்தது இடைவெளி பார்க்கும் என்னுடைய அளவுத் தகடுகளையும் இரண்டு ரைபிள் அக்ஷன்களையும்தான். அளவுத் தகடுகளை நான் பெட்டியை விட்டு வெளியே வைப்பதில்லை.

அக்ஷன் என்பது துப்பாக்கியின் நடு உடல். முன்னால் குழலும் கீழே மரக்கட்டையும் அதில்தான் பொருந்தும். தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட் அதற்குள்தான் ஓடும். குழல் தேய்ந்தால் மாற்றலாம். கட்டையை ஆளின் தோளுக்கு ஏற்றபடி புதிதாகச் செதுக்கலாம். அக்ஷனை மட்டும் இடையில் மாற்ற முடியாது, ஏனென்றால் இலக்கம் பொறித்திருப்பது அதில். அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்த இலக்கம்தான் துப்பாக்கி.

ஷிம்னாவுக்காகத்தான் இவ்வளவும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து மேசை. இப்போது ஐம்பது மீற்றர் போட்டியில் எங்கள் துப்பாக்கிச் சுடும் கழகத்தில் அவளை முந்த ஆளில்லை. தை மாதம் தேசிய அணித் தெரிவு. போட்டிக்கென்றே செய்த வெளிநாட்டு ரைபிளை வாங்க அவளுடைய வாப்பா ஷரீப் காக்கா தன் ஹார்ட்வெயார் கடையையே விற்க வேண்டும். அதனால் பயிற்சியாளர் சவுந்தரநாயகம் சேர் ஒரு வழி சொன்னார்: கழகத்தில் கழித்துப்போட்ட மலிவான ரைபிள்கள் இரண்டு கிடக்கின்றன, ஒன்றின் அக்ஷனை எடுத்து, நல்ல குழல் பூட்டி, ஷிம்னாவின் தோளுக்கும் கன்னத்துக்கும் ஏற்ற கட்டை செய்வோம். துப்பாக்கி திருத்த அனுமதிப்பத்திரம் உள்ள அழகர் அண்ணைதான் வேலையைச் செய்வார்.

எந்த அக்ஷன் என்று தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. பகலில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாலையில் அளவீடும் உலோகச் சோதனையும் படிக்கிறேன். அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதுமாக இருக்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றாவதன் போல்ட் இறுக்கமாக, ஆட்டமே இல்லாமல் மூடியது. இரண்டாவது கறுத்து, கீறல் விழுந்து, மூடிய பிறகும் மெல்ல ஆடியது.

"நீ பஸ் டிக்கட்டையும் ரெண்டு தரம் அளந்துதான் எடுப்பாய் போல," என்றாள் ஷிம்னா. "ஒன்டு நல்லா ஈக்கி, மத்தது கிலுகிலுக்குது. இதுக்கு என்ன யோசன?"

ஒன்றாவது என்று சொன்னேன். சேர் இலக்கத்தை எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை அந்த இலக்கத்துக்கான அனுமதி விண்ணப்பம் அமைச்சுக்குப் போகும். கொடுத்த பிறகு இலக்கத்தை மாற்றுவதென்றால் எல்லாம் முதலிலிருந்து. தைத் தெரிவு கைவிட்டுப் போகும்.

அன்று மாலை வீட்டில்தான் அம்மா சந்தனத்தைக் கேட்டார்.

வருடக் கணக்காகப் பிள்ளைகள் பழகிய கழக ரைபிள் அது. அதன் போல்ட் எப்படி அவ்வளவு இறுக்கமாக இருக்க முடியும்? அளந்தபோது இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம், கையில் அது அவ்வளவு நன்றாக இருந்ததுதான்.

வெள்ளி காலை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஷிம்னாவையும் இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறினேன். வழியிலேயே சேருக்கு அழைத்தேன். அவர் எடுக்கவில்லை.

அழகர் அண்ணை ஜிந்துப்பிட்டியிலிருந்து அப்போதுதான் வந்து பட்டறைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் முருகன் கோயில் திருநீறு.

"அண்ணை, ஒன்றாவதில சந்தனம் பூசினனீங்களோ?"

"ஆமாங்க. ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும்தான் வச்சேன். லேத்துக்கு, ட்ரில்லுக்கு, துவக்குக்கு." லேத்தின் தலையில் காய்ந்த பொட்டு இன்னும் இருந்தது. "லேத்துக்கு நெத்தி எதுன்னு தெரியும். துவக்குக்கு எதுன்னு தெரியல. போல்டைத் தொறந்து, கைப்பிடி அடியில வச்சேன். தேங்காய் எண்ணெயும் விட்டேன், துரு புடிக்கக் கூடாதுன்னு."

"ரெண்டாவதுக்கு?"

"அது பூசைக்குப் பொறகு வந்ததுங்க. அதுக்குப் பொட்டு இல்ல."

நான் அளந்தது இரும்பை அல்ல. காய்ந்து பிசினாகிப்போன சந்தனத்தையும் எண்ணெயையும் அளந்துவிட்டு, இறுக்கம் என்று எழுதியிருக்கிறேன்.

"ரெண்டையும் கழுவ வேணும் அண்ணை."

"நேத்து நீங்கதானே ஓகே சொன்னீங்க?"

"ஓம். பிழையாச் சொல்லிட்டன் போல கிடக்கு."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மண்ணெண்ணெய்த் தட்டை எடுத்து வைத்தார். பிரஷ் போட்டுத் தேய்க்க மஞ்சளாகக் கரைந்தது. துடைத்து மூடிப் பார்த்தோம். ஒன்றாவதும் ஆடியது. இரண்டாவதைவிடக் கொஞ்சம் கூடவே ஆடியது.

"ஆடினா என்ன?" என்றாள் ஷிம்னா. அவள் குரலில் பகிடி இல்லை. "சரியாக்கேலாதா?"

"ஆட்டத்தை அண்ணை சரியாக்குவார்," என்றேன். என் கண் வேறிடத்தில் நின்றது. கைப்பிடி போல்டோடு சேரும் அடியில், பொட்டு இருந்த அதே இடத்தில், மயிர் போல ஒரு கோடு.

இந்த வகை ரைபிளில் அந்த இடம்தான் பூட்டு. சுடும்போது போல்ட் பின்னால் வராமல் பிடிப்பது அந்தக் கைப்பிடியின் அடி மட்டும். அதற்கு ஒரு சாண் பின்னால் ஷிம்னாவின் வலது கண் இருக்கும்.

"கீறல்தாங்க," என்றார் அழகர் அண்ணை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "கீறல் மாதிரித்தான் இருக்கு."

கீறலாகவும் இருக்கலாம், வெடிப்பாகவும் இருக்கலாம். நேற்று ஒரு பிழை விட்டவள் இன்று இன்னொரு பிழை விட்டு, நல்ல அக்ஷனைத் தள்ளிவிடவும் கூடும். வகுப்பில் ஆசிரியர் சொன்ன ஒரு முறை நினைவுக்கு வந்தது: மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மேலே நன்றாகத் துடைத்து, வெள்ளைத் தூள் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கீறல் என்றால் தூள் வெள்ளையாகவே இருக்கும். வெடிப்பு என்றால் உள்ளே போன எண்ணெய் கசிந்து தூளில் கோடு போடும்.

"சோக் இருக்கா அண்ணை? வெள்ளைத் தூள் ஏதும்?"

அவர் சுற்றிப் பார்த்தார். பிறகு சாமிப் படத்தட்டிலிருந்து திருநீற்று டப்பாவை எடுத்துத் தந்தார். "இதுதாங்க இருக்கு. முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

ஊறவைத்துவிட்டுக் காத்திருந்தபோது சேர் அழைத்தார். பின்னால் வாகன இரைச்சல்.

"பிள்ளை, நான் த்ரீவீல்ல போய்க்கொண்டிருக்கிறன். என்ன அவசரம்?"

"சேர், குடுக்க வேண்டாம். ஒன்றாவதில ஒரு கோடு இருக்கு. வெடிப்போ எண்டு சந்தேகம்."

"சந்தேகமோ, நிச்சயமோ?"

"இன்னும் தெரியாது சேர்."

"உமக்கு எதிலதான் நிச்சயம்?" அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "அந்த ரைபிளால எத்தனை பிள்ளையள் சுட்டவை, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. இண்டைக்குக் குடுக்காட்டி வாற கிழமை அந்த அதிகாரி லீவு. பிறகு தையில இவ எதால சுடுறது? உம்முடைய அளவுத் தகட்டாலயோ?"

ஷிம்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டிருக்கும்.

"கொஞ்சம் பொறுங்கோ சேர்," என்று மட்டும் சொல்லி, அழைப்பை வெட்டாமல் மேசையில் வைத்தேன்.

போல்டை எடுத்து, துணியால் ஈரமே இல்லாமல் துடைத்தேன். திருநீற்றை விரலில் தொட்டுக் கைப்பிடி அடியில் மெல்லியதாகப் பூசினேன். வெள்ளையாக இருந்தது. தெருவில் மீன்காரன் மணியடித்துக்கொண்டு போனான். இன்னும் வெள்ளைதான். நான் சேரிடம் என்ன சொல்வதென்று யோசிக்கத் தொடங்கினேன்.

"மிதுனா," என்றாள் ஷிம்னா.

வெள்ளையின் நடுவே ஒரு சாம்பல் நூல் எழுந்துகொண்டிருந்தது. முதலில் பாதி தூரம். பிறகு வளைந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனது. அழகர் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்குத்தான் நான் பொட்டு வச்சேனா," என்றார்.

ஷிம்னா போல்டை வாங்கவில்லை. கன்னத்தை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்து, இல்லாத கட்டையில் வைத்தது போல் வைத்து, கைப்பிடி எந்த இடத்தில் நிற்கும் என்று பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"சேர், ஷிம்னா பேசுறேன். திரும்பி வாங்க."

"பிள்ளை, தை மாசத்தை யோசிச்சனீரோ?"

"யோசிச்சேன் சேர். எனக்கு வேணும்தான். வாப்பா எல்லார்ட்டயும் செல்லிட்டார். ஆனா அது என்ட கண்ணுக்குப் பக்கத்துல ஈக்கி சேர். திரும்பி வாங்க. ரெண்டாவது நம்பர எழுதிட்டு மறுபடி போங்க. பகலுக்குள்ள குடுத்தா எடுப்பாங்க, இல்லாட்டி இப்ப சுடுற பழைய ரைபிளாலயே சுடுறேன்."

வாகன இரைச்சலுக்குள் சேர் ஓட்டுநரிடம் சிங்களத்தில் வண்டியைத் திருப்பச் சொல்வது கேட்டது.

இரண்டாவது போல்டையும் ஊறவைத்தோம். துடைத்துப் பூசினேன். கறுப்பு இரும்பில் திருநீறு பளிச்சென்று இருந்தது. காத்திருந்தோம். கோடு வரவில்லை. கழுவி, மறுபடியும் ஊறவைத்துப் பூசினேன். வரவில்லை. ஆட்டத்தை ஒரு சிறு தகடு வைத்து எடுத்துவிடலாம் என்றார் அழகர் அண்ணை.

வெளியே த்ரீவீல் நிற்கும் சத்தம் கேட்டது. சேர் விண்ணப்ப உறையைக் கையில் பிடித்தபடி இறங்கினார், முகம் கடுத்திருந்தது. உள்ளே வந்து ஒன்றாவது போல்டில் இருந்த சாம்பல் வளையத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ரெண்டாவதின்ர இலக்கத்தைச் சொல்லும்," என்றார், பேனாவைத் திறந்து.

நான் வாசிக்க வாயெடுத்தேன். ஷிம்னா என் முழங்கையைப் பிடித்தாள்.

"சேர், ஒரு நிமிஷம்." அவள் திருநீற்று டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். "மிதுனா, ரெண்டாவதுல இன்னொருக்கா பூசிப் பாரு."